வரைய வருபவரைக் கொஞ்ச நாள் தங்க விடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மலேசியாவில் எங்கள் ஊரான தைப்பிங்கில் இன்னும் சில சுவர்களில் ஓவியம் வரைய வெளிநாட்டு ஓவியர்களை வரவழைக்கலாம் என்று பேச்சு அடிபடுகிறது. வரட்டும், எனக்கு மிகவும் சந்தோஷம். போன ஆண்டு எங்கள் வட்டாரத்தில் சிலர் காசு சேர்த்து, சிலி நாட்டு வால்பரைசோவைச் சேர்ந்த ஓவியப் பெண் ஒருவரை அழைத்தார்கள். அவர் 19 நாள் தங்கியது எங்கள் கடை மாடியில்தான். அப்போது கண்ணால் பார்த்ததைச் சொல்லிவிட வேண்டும் என்றே எழுதுகிறேன்.

நான் 26 ஆண்டுகளாகச் சாயக்கடை, அதாவது பெயிண்ட் கடை, வைத்திருப்பவன். அதனால் முதலில் சுவர். அவருக்குக் கொடுத்த முதல் சுவர், பெரிய சாலையில் போருக்கு முந்திய கடைவீடு ஒன்றின் பக்கச் சுவர். செங்கல்லுக்கு மேல் சுண்ணாம்புப் பூச்சு. தரையிலிருந்து ஏறும் ஈரத்தை அந்தப் பூச்சு மெல்ல வெளியே விட்டுக்கொண்டே இருக்கும். அதன்மேல் சிமெண்டைப் பூசி, பளபளக்கும் சாயத்தையும் அடித்தால் ஈரம் எங்கே போகும்? எங்கள் ஊர் மழை எல்லோருக்கும் தெரியும். ஆண்டுக்கு ஏறக்குறைய 4,000 மில்லிமீட்டர். இன்று மழை எத்தனை மணிக்கு வரும் என்று அந்தக் காலத்தில் பந்தயமே கட்டுவார்கள்.

திறப்பு விழாவுக்குத் தேதி குறித்தாகிவிட்டது, மூன்று நாளில் முடியுங்கள் என்றார்கள். சுவர் காயவில்லை என்று நான் ஒருமுறை சொன்னேன். இன்னும் அழுத்திச் சொல்லியிருக்க வேண்டும். இணையத்தில் எடுத்த இருவாச்சிப் பறவைப் படம் ஒன்றைக் கையில் கொடுத்து, இதையே வரையச் சொன்னார்கள். அவரும் ராத்திரி பகலாக நின்று வரைந்து கொடுத்தார். நான்கே மாதம். பறவையின் வயிற்றுப் பக்கம் உப்புப் பூத்து, கொப்புளம் கிளம்பி, இப்போது தோல் உரிந்து தொங்குகிறது. கடை திறக்கப் போகும்போதெல்லாம் பார்க்கிறேன், வயிறு எரிகிறது. குறை அந்தப் பெண்ணின் கையில் இல்லை.

விழா முடிந்ததும் அவரை யாரும் விரட்டவில்லை. காலையில் எங்கள் வீட்டில் தோசையும் சம்பலும். அப்புறம் ஏரிப் பூங்காவில் தண்ணீர் வரை சாய்ந்து கிடக்கும் தூங்குமூஞ்சி மரங்களுக்குக் கீழே போய் உட்காருவார். சாயங்காலம் என் அம்மாவோடு. அம்மாவுக்கு 84 வயது. இவருக்குத் தமிழ் தெரியாது, அம்மாவுக்கு ஸ்பானிஷ் தெரியாது. ஒருநாள் அம்மா பீரோவுக்கு மேலிருந்து தாத்தாவின் ரயில்வே விளக்கை இறக்கச் சொன்னார். தாத்தா தண்டவாள கேங்கில் வேலை பார்த்தவர். இந்த நாட்டின் முதல் ரயில் 1885இல் ஓடியது எங்கள் தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்டுக்குத்தானே. ஈயத்தைத் துறைமுகத்துக்குக் கொண்டுபோகப் போட்ட பாதை. அதைப் போட இலங்கையிலிருந்தும் ஆட்களைக் கொண்டுவந்தார்கள்.

விளக்கின் தலையைத் திருப்பினால் சிவப்பு, இன்னொரு திருப்பில் பச்சை. பச்சைக் கண்ணாடியில் ஒரு கீறல். அம்மா கட்டைவிரலால் அந்தக் கீறலைத் தடவிக்கொண்டே பேசினார். அந்தப் பெண் பென்சிலை எடுத்தவர் ஒன்றரை மணி நேரம் கீழே வைக்கவில்லை.

கடைக்குப் பின்சந்துச் சுவரில் இருப்பது அந்தக் கைதான். நரம்பு புடைத்த கிழவியின் கை, அதில் விளக்கு, கண்ணாடியில் கீறல்கூட இருக்கிறது. சுவரைச் சுரண்டி, ஆறு நாள் காயவிட்டு, ஈரம் வெளியேற வழிவிடும் சாயமாகப் பார்த்து நானே கொடுத்தேன். இரண்டு மழைக்காலம் தாண்டிவிட்டது, ஒரு பொருக்குக்கூட உரியவில்லை. வாடகைக் கார் ஓட்டும் சீனப் பெரியவர் ஒருவர் அதன் எதிரே நின்று, தன் அப்பாவும் ரயில்வேயில் இருந்தவர் என்று என்னிடம் சொன்னார். இத்தனை ஆண்டுப் பழக்கத்தில் எனக்குத் தெரியாத சேதி.

பினாங்கையே பாருங்கள். 2012இல் ஜார்ஜ்டவுன் விழாவுக்காக லித்துவேனியாக்காரர் எர்னஸ்ட் சக்காரெவிச் ஆர்மேனியன் தெருவில் வரைந்த சைக்கிள் பிள்ளைகள் அந்த ஊர் அக்கா தம்பிதான். நிஜச் சைக்கிளைச் சுவரில் பதித்திருப்பதால் இன்றும் வரிசையில் நின்று படம் எடுக்கிறார்கள். அதே கைகள் வரைந்தும், ச்சியூ படகுத்துறையில் இருந்த படகுப் பிள்ளைகள் வெயிலிலும் கடல் காற்றிலும் மங்கிப் போனார்கள். பராமரிப்புக்கும் காசு ஒதுக்க வேண்டும் என்று நான் சொல்வது அதனால்தான்.

ஏற்பாடு செய்கிறவர்களிடம் நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. விழாத் தேதியைக் கடைசியில் குறியுங்கள். வருபவரைப் பத்து நாளாவது சும்மா இருக்க விடுங்கள். ஹோட்டலில் பூட்டி வைக்காமல் சுவருக்குப் பின்னால் வாழ்கிறவர்கள் வீட்டில் சாப்பிட வையுங்கள். என்ன வரைவது என்பதை அவர்களே பேசி முடிவு செய்துகொள்ளட்டும்.

அடுத்து வருபவருக்கும் எங்கள் மாடி அறை காலியாகவே இருக்கிறது. பின்சந்தில் இன்னொரு சுவருக்கு உரிமையாளர் சம்மதம் சொல்லிவிட்டார். மேலே கூரைத் தண்ணீர்க் குழாய் ஒழுகுகிறது, அதைச் சரிசெய்ய ஆள் சொல்லியிருக்கிறேன்.

இப்படிக்கு,
சாயக்கடைக்காரர், தைப்பிங்