தராசும் நோட்டும்

அன்பு மகளுக்கு,

நலம். உன் சோப்பைப் போட்டவர் ஒருவர் கை எரிகிறதென்று சொன்னதாக எழுதியிருந்தாய். "உங்கள் தோலுக்கு ஒத்துக்கொள்ளவில்லை போல" என்று பதில் போடுமுன் நோட்டை எடு.

1,000 கிராம் தேங்காய் எண்ணெய் முழுக்கச் சோப்பாக, சுமார் 183 கிராம் காஸ்டிக் சோடா பிடிக்கும். ஐந்து சதவீத எண்ணெய் மிச்சம் நிற்கட்டும் என்று 174 கிராம்தான் போடுகிறோம். ஆக, கை தவற உனக்கு இருக்கும் இடம் வெறும் 9 கிராம். தராசு பிசகி 10 கிராம் கூட விழுந்தால் அதுவும் போயிற்று, மிஞ்சும் காஸ்டிக் கையை எரிக்கும். அதனால் ஒவ்வொரு ஈட்டுக்கும் முன்னால் 200 கிராம் எடைக்கல்லை வைத்துப் பார். 'சரியாக இருந்தது' என்று எழுதாதே, தராசு காட்டிய எண்ணை எழுது. காஸ்டிக் டப்பா திறந்து கிடந்தால் ஈரத்தை இழுத்து வலு குறையும். அப்போது தப்பு மறுபக்கம் சாயும்: சோப்பு பிசுபிசுக்கும், சீக்கிரம் காறல் வாடை வரும்.

ஈட்டுக்கு ஓர் எண், அதே எண் உறையிலும். ஊற்றிய தேதி, ஒவ்வொரு எண்ணெயும் எத்தனை கிராம், வாசனை எவ்வளவு, யார் யாருக்குப் போனது, எல்லாம் அந்த எண்ணுக்குக் கீழே. ஒரு கட்டியை விற்காமல் எடுத்து வை.

இப்போது அந்தக் கட்டியை நனைத்து, நுரையில் பிஎச் தாளை (காரம் எவ்வளவு என்று நிறம் மாறிக் காட்டும் தாள்) வை. 9 முதல் 10 வரை சோப்புக்கு இயல்பு. 11ஐத் தாண்டினால் காஸ்டிக் மிச்சமிருக்கிறது. மேலே படியும் வெள்ளைப் பொடி பெரும்பாலும் காற்றுப் பட்ட சோடாச் சாம்பல்தான், அதற்குப் பயப்படாதே. வெட்டிப் பார்த்து, உள்ளே வெள்ளைக் கட்டியோ நீர் கோத்த குழியோ இருந்தால் சந்தேகப்படு.

தப்பு நம்முடையது என்றால், புகார் சொன்னவருக்கு மட்டும் பணம் கொடுத்து விஷயத்தை அமர்த்திவிடாதே. அந்த எண் வாங்கிய எல்லோருக்கும் அன்றே எழுது: "இந்த எண்ணுள்ள சோப்பில் காஸ்டிக் கூடிவிட்டது. அளந்ததில் என் தவறு. பயன்படுத்த வேண்டாம். எரிந்தால் நிறைய தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். பணத்தைத் திருப்பி அனுப்புகிறேன்." 'சில காரணங்களால்' என்று இழுக்காதே. மீந்ததை அடுத்த ஈட்டில் கலந்து தள்ளவும் வேண்டாம். தாள் 10க்குள் காட்டினால் வாசனை எண்ணெயாக இருக்கலாம். என்னென்ன சேர்த்தாய் என்று ஒளிக்காமல் சொல், பணத்தை அப்போதும் கொடு.

உறையில் 'கெமிக்கல் இல்லாதது' என்று போடுகிறாயாமே? காஸ்டிக் படாமல் எண்ணெய் சோப்பாகாது. அந்த வரியை எடுத்துவிடு. 110 கிராமுக்கு வெட்டிய கட்டி ஆறு வாரம் காய்ந்தால் 100க்குப் பக்கம் வந்துவிடும். காய்ந்த எடையைத்தான் போட வேண்டும். அவசர ஆர்டர் என்று இரண்டு வாரக் கட்டியையும் அனுப்பாதே, குளியலறையில் கூழாகிவிடும்.

தராசின் பேட்டரியை இந்த வாரமே மாற்று. பேட்டரி இறங்கினால் எண் தாவும்.

அம்மா