பெபேயாளை ஊழியக்காரி என்றே வாசியுங்கள்

மதிப்பிற்குரிய சபை மூப்பர்களுக்கும் போதகர் ஐயா அவர்களுக்கும் ஸ்தோத்திரம்.

படுக்கையில் கிடப்பவர்களுக்குத் திருவிருந்தை, அதாவது ஆராதனையில் பகிரும் அப்பத்தையும் ரசத்தையும், கொண்டுபோகும் பொறுப்பைப் பெண்களுக்குத் தர முடியாது என்று போன ஞாயிறு அறிவித்தீர்கள். அப்போஸ்தலர் பவுல் பெபேயாள் என்ற பெண்ணைச் சபையின் ஊழியக்காரி என்று அழைக்கும் ரோமர் 16:1 என்ன சொல்கிறது என்று கேட்டவர்களிடம், “பெபேயாள் பணிவிடை செய்தவள், அவ்வளவுதான்” என்று முடித்துவிட்டீர்கள்.

தயவுசெய்து அந்த வசனத்தை இன்னொரு முறை பாருங்கள். கெங்கிரேயா சபையின் பெபேயாளுக்குப் பவுல் எழுதிய கிரேக்கச் சொல் தியாகோனொஸ், அதாவது ஊழியம் செய்பவர். 1 கொரிந்தியர் 3:5இல் தன்னையும் உடன் ஊழியர் அப்பொல்லோவையும் குறிக்க அவர் எழுதியதும் அதே சொல்தான். நாம் ஆராதனையில் வாசிக்கும் பழைய தமிழ் வேதாகமம் அவர்களை ஊழியக்காரர் என்கிறது, இவளை ஊழியக்காரி என்கிறது. பிலிப்பியர் 1:1இல் சபைத் தலைவர்களான கண்காணிகளுக்கு அடுத்து வரும் உதவிக்காரரும் கிரேக்கத்தில் தியாகோனொஸ்தான். கானாவூர்க் கல்யாணத்தில் தண்ணீர் நிரப்பிய வேலைக்காரருக்கும் அந்தச் சொல் வருகிறது, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் பவுலுக்கு வந்தால் ஊழியம், பெபேயாளுக்கு வந்தால் பணிவிடை என்று பிரிக்க ரோமர் 16இல் என்ன ஆதாரம் இருக்கிறது? ஒரு குறிப்பிட்ட சபையின் தியாகோனொஸ் என்றல்லவா எழுதியிருக்கிறார்!

ஆதிச்சபையும் அப்படிப் பிரிக்கவில்லை. கி.பி. 112 வாக்கில் ரோமப் பேரரசின் பித்தினியா மாகாண ஆளுநர் பிளினி, ஊழியக்காரிகள் என்று அழைக்கப்பட்ட இரண்டு அடிமைப் பெண்களைச் சித்திரவதை செய்து விசாரித்ததாகப் பேரரசர் திராயானுக்கு எழுதினார். சபைக்காக அடிபட அந்தப் பெண்களுக்குத் தகுதி இருந்தது. ஆராதனைக்கு வர முடியாதவர்களுக்கு அப்பத்தைக் கொண்டுபோவது தியாகோனொஸ்களின் வேலை என்று இரண்டாம் நூற்றாண்டில் கிறிஸ்தவ எழுத்தாளர் யுஸ்தீன் எழுதி வைத்திருக்கிறார். நாங்கள் கேட்பதும் அதே வேலையைத்தான்.

இடுப்பெலும்பு முறிந்து கிடந்த நம் சபைப் பாட்டியம்மாவை உங்களுக்குத் தெரியும். கடைசி நாட்களில் அவர் கேட்டது திருவிருந்து ஒன்றைத்தான். போதகர் ஐயா வெளியூர்க் கன்வென்ஷனில் இருந்தார். மூப்பர்களில் ஒருவருக்கும் நேரம் வாய்க்கவில்லை. தினமும் போய் உடம்பு துடைத்துவிட்டு, சங்கீதம் வாசித்து, ஜெபித்துவிட்டு வந்த அக்கா பக்கத்திலேயே இருந்தார். அவருக்கு அனுமதி இல்லை. பாட்டியம்மா திருவிருந்து பெறாமலே போய்ச் சேர்ந்தார். புண்ணைத் துடைத்த கை அப்பத்தை ஏந்தக் கூடாது என்று எந்த வசனம் சொல்கிறது?

ஞாயிறு பள்ளி பெண்கள் கையில். ஆலயத்தைக் கூட்டுவதும், சபை விருந்தான அசனத்துக்கு விடிய விடியக் காய் நறுக்குவதும், கட்டட நிதிக்கு வீடு வீடாக ஏறி இறங்குவதும் அவர்கள்தான். சபைக் கமிட்டியில் மட்டும் ஒரு பெண்கூட இல்லை. அவர்கள் தரும் காணிக்கையை எண்ணும்போது உங்களுக்கு வராத தயக்கம், அவர்களுடைய ஊழியத்தை ஏற்கும்போது ஏன் வருகிறது?

சரி, கமிட்டி விஷயத்தைத் தனியாகப் பேசலாம். இப்போது கேட்பது ஒன்றுதான்: நோயாளிகளுக்குத் திருவிருந்தைக் கொண்டுபோகும் பொறுப்பைப் பெண்களுக்கும் கொடுங்கள். அடுத்த கமிட்டிக் கூட்டத்தில் இதை மறுபடி எடுங்கள். அந்த அக்காவையும் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேளுங்கள். முடியாது என்றே முடிவானால், எந்த வசனத்தின்படி என்பதை எழுத்தில் தரும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

கிறிஸ்துவுக்குள்,
உங்கள் சபை அங்கத்தினர் ஒருவர்