மலபார் ஹில்லா, ஜோர் பாக்கா?

அன்புள்ள மீனா,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. வீடு வாங்குகிற விஷயத்தில் சட்டென்று ஒன்றைச் சொல்லிவிடக் கூடாது என்று பதிலைத் தள்ளிப் போட்டேன். இங்கே எல்லோரும் நலம். பெரியவளுக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிறது. என் முழங்கால்தான் இன்னும் மாடிப்படி என்றால் முரண்டு பிடிக்கிறது.

டெல்லியில் ஜோர் பாக்கா, மும்பையில் மலபார் ஹில்லா என்று கேட்டிருக்கிறாய். இரண்டிலும் நான் குடியிருந்திருக்கிறேன். சொந்த வீட்டில் இல்லை. ஜோர் பாக்கில் ஒரு பர்ஸாத்தி, அதாவது மொட்டைமாடி மேல் இரண்டு அறை. மலபார் ஹில்லில் அவருடைய பேங்க் கொடுத்த குவார்ட்டர்ஸ்.

விலை கிட்டத்தட்ட ஒன்றுதானே என்கிறாய். விலை ஒன்றாக இருக்கலாம், வாங்குகிற பொருள் வேறு. டெல்லியில் நீ வாங்குவது மண். அங்கே புரோக்கர் பேசுவதே சதுர கஜக் கணக்கில்தான். ஒரு மனையில் ஒரே ஒரு மாடியை வாங்கினாலும் அந்த நிலத்தில் உன் பங்கு பத்திரத்தில் வந்துவிடும். அப்புறம் மொட்டைமாடி யாருக்கு, கார் நிறுத்தும் இடம் யாருக்கு என்பதையும் அந்தப் பத்திரத்திலேயே எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். மும்பையில் சதுர அடிக் கணக்கு. நீ ஒரு கூட்டுறவு சொசைட்டியில் உறுப்பினராகிறாய். ஒப்பந்தத்தோடு ஷேர் சர்ட்டிஃபிகேட்டும் கைக்கு வரும். நிலம் சொசைட்டி பெயரில் இருக்க வேண்டும், ஆனால் பழைய கட்டடங்கள் பலவற்றில் அது இன்னும் பழைய சொந்தக்காரர் பெயரிலேயே கிடக்கிறது. "கன்வேயன்ஸ் ஆகிவிட்டதா?", அதாவது நிலம் சொசைட்டி பெயருக்கு மாறிவிட்டதா, என்பது உன் முதல் கேள்வியாக இருக்கட்டும். பகடி வீடு, அதாவது மொத்தமாக ஒரு தொகை கொடுத்து வாடகை உரிமை மட்டும் வாங்கும் வீடு, மலிவாகக் கிடைக்கிறது என்று யாராவது சொன்னால் அந்தப் பக்கமே போகாதே. அதில் நீ கடைசிவரை வாடகைக்காரிதான். இன்னொருவர் பெயருக்கு மாற்றும்போது கட்டடத்தின் சொந்தக்காரருக்கும் பங்கு கொடுக்க வேண்டும்.

ஜோர் பாக்கைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனம் வராது. லோதி கார்டன் நடந்து போகும் தூரம். 90 ஏக்கர், நடுநடுவே 15, 16ஆம் நூற்றாண்டுக் கல்லறை மண்டபங்கள். பிப்ரவரிக் காலையில் அந்தப் புல்வெளியில் நடந்ததை நினைத்தால் இப்போதும் ஏக்கமாக இருக்கிறது. தெருவில் வேப்பமரம், வீட்டுக்கு வீடு இடைவெளி, இரவு எட்டு மணிக்கே அமைதி. அந்த அமைதிதான் பிறகு எனக்கு ஆகவில்லை. அவர் டூர் போன ஒரு வாரம் எனக்குக் கடுமையான காய்ச்சல். கீழே இருந்தவர்கள் நல்லவர்கள்தான், ஆனால் கேட்டைத் தாண்டி யாரும் யாரையும் போய்ப் பார்ப்பதில்லை. மூன்றாம் நாள் பால்காரர்தான், வாசலில் பாத்திரம் வைக்கவில்லையே என்று கதவைத் தட்டினார்.

காற்றைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். போன நவம்பரில் டெல்லியில் தங்கை வீட்டுக்குப் போயிருந்தேன். பால்கனியில் துளசித் தொட்டி. ஈரத் துணியால் ஒரு இலையைத் துடைத்தேன். துணியில் அந்த இலையின் வடிவம் கறுப்பாக அப்படியே பதிந்துவிட்டது. உன் வீட்டுக்காரருக்கு வீசிங் இருக்கிறது. எத்தனை கோடி கொடுத்தாலும் அந்த ஊரில் தனிக் காற்று வாங்க முடியாது. மும்பைக் காற்றும் இப்போது குளிர்காலத்தில் கெட்டுத்தான் போகிறது, மறைக்கவில்லை. ஆனால் கடல் பக்கத்தில் இருப்பதால் டெல்லி போல வாரக்கணக்கில் கவிந்து நிற்பதில்லை.

மும்பை மழையை நினைத்துப் பயப்படுகிறாய். 2005 ஜூலை 26ஆம் தேதி சாந்தாகுரூஸில் 944 மில்லிமீட்டர் கொட்டியது. அதே நாளில் தெற்கே கொலாபாவில் 73 மட்டுமே. மலபார் ஹில் அந்தத் தென்பக்கத்தில், அதுவும் மேட்டில் இருக்கிறது. அங்கே உனக்குத் தொல்லை வெள்ளம் இல்லை, உப்புக் காற்று. ஜன்னல் கீல் இரண்டு வருஷத்தில் துருப்பிடிக்கும். ஆகஸ்டில் பீரோவைத் திறந்தால் பட்டுப்புடவையில் பூஞ்சை.

நீ மீன் சாப்பிடுகிறவள், அதையும் யோசி. அந்த மலையில் அசைவம் சமைப்பவர்களுக்கு வீடு தர விரும்பாத கட்டடங்கள் உண்டு. சட்டத்தில் என்ன இருந்தாலும், தினமும் லிஃப்டில் முகம் சுளிப்பதைப் பார்த்துக்கொண்டு வாழ முடியாது. முதலிலேயே கேட்டுவிடு.

இத்தனை சொன்ன பிறகும் மலபார் ஹில்தான் என்கிறேன். பிள்ளைகள் இரண்டு பேரும் வெளிநாட்டில். இனி உங்களுக்கு வேண்டியது கூப்பிட்டால் வரும் மனிதர்கள். அங்கே நாங்கள் இருந்த கட்டடத்தில் தண்ணீர்த் தொட்டிக்காக எங்களோடு ஆறு மாதம் சண்டை போட்ட மூன்றாம் மாடிக்காரர்தான், என் வீட்டுக்காரருக்கு நெஞ்சுவலி வந்த ராத்திரி லிஃப்ட் நின்றுபோயிருக்க, அவரை நாற்காலியில் உட்கார வைத்து வாட்ச்மேனோடு சேர்ந்து தூக்கிக்கொண்டு இறங்கினார். மலை மேல் உள்ள ஹேங்கிங் கார்டன் பூங்காவுக்குக் கீழே இருக்கும் குடிநீர்த் தேக்கத்தை இடித்துக் கட்ட மாநகராட்சி கிளம்பியபோது, மரங்களுக்காக அந்த மலைக்காரர்கள் கூடி நின்று எதிர்த்தார்கள். அங்கே மரங்களுக்கு நடுவே ஒரு நடைபாதையும் 2025இல் திறந்திருக்கிறார்கள். உன் வீட்டுக்காரர் காலையில் மெதுவாக நடக்கலாம். நான் இப்போது மும்பையிலேயே மாட்டுங்காவில் இருக்கிறேன். நீ பக்கத்தில் வர வேண்டும் என்ற ஆசையும் இதில் கலந்திருக்கிறது, அதையும் கணக்கில் எடுத்துக்கொள்.

முன்பணம் எதுவும் கொடுத்துவிடாதே. ஜூலையில் பத்து நாள் என்னோடு வந்து தங்கு. நல்ல மழை நாளாகப் பார்த்துப் போவோம். சுவரில் கை வைத்தால் ஓதம் இருக்கிறதா என்று தெரிந்துவிடும்.

அன்புடன்,
உன் ராஜி