துப்பாக்கிக்கும் பில் உண்டு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மிக்ஸி, செல்போன், ஃபிரிட்ஜ் பழுதானால் பணத்தை யாரிடம் கேட்பது என்று சென்ற இதழின் நுகர்வோர் பக்கத்தில் விளக்கியிருந்தீர்கள். என் சங்கதி கொஞ்சம் வேறு. நான் வாங்கியது துப்பாக்கி.

பதற வேண்டாம், லைசென்ஸ் உண்டு. மலையடிவாரத்தில் தோப்பு, அப்பா காலத்து டபுள் பேரல் ஒன்று காவலுக்கு வீட்டில் இருக்கிறது. ஒன்றரை வருடம் முன்பு புதிதாக ஒரு 12 போர் (குழலின் அளவு) சிங்கிள் பேரல் வாங்கினேன், 40,000 ரூபாய் சொச்சம். பத்துத் தோட்டா போட்டால் நாலு வெடிக்காது. 'டிக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். சில சமயம் தாமதித்து வெடிக்கும் என்பதால் குழலைத் தரையைப் பார்க்கப் பிடித்தபடி அரை நிமிஷம் நிற்பேன். அப்புறம் மெதுவாகத் திறந்தால், தோட்டாவின் அடியில் குண்டூசி பட்ட மாதிரி லேசாக ஒரு புள்ளி. தோட்டாவை அடித்து வெடிக்க வைக்கும் துப்பாக்கியின் ஊசி சரியாகக் குத்தவில்லை என்பது பார்த்தாலே தெரியும்.

"தோட்டா நமுத்திருக்கும்ண்ணே" என்றார் கடைக்காரர். அவரிடமே புதுப் பெட்டி வாங்கினேன், அதே கதை. புதுத் துப்பாக்கியில் வெடிக்காதவற்றை அப்பாவின் துப்பாக்கியில் போட்டேன், எல்லாம் வெடித்தன. உடனே பேச்சு மாறியது: "தயாரிச்சவங்களுக்கு எழுதுங்க." எழுதினேன். 'விற்பனையாளர் மூலம் அணுகவும்' என்று இரண்டு வரியில் பதில்.

விற்றவர்தான் முதல் பொறுப்பு என்பது என் கட்சி. பணம் வாங்கியவர் அவர், பில்லும் அவருடையது. ஒரு பொருளை விற்பதையே தொழிலாகக் கொண்டவர் கொடுக்கும் சரக்கு விற்கத்தக்க தரத்தில் இருக்க வேண்டும் என்று 1930ஆம் வருடத்துச் சரக்கு விற்பனைச் சட்டத்தின் 16ஆம் பிரிவு சொல்கிறது. குறைபாடு நிரூபணமானால் பழுதை நீக்கவோ, மாற்றிக் கொடுக்கவோ, விலையைத் திருப்பித் தரவோ உத்தரவிட 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நுகர்வோர் ஆணையத்துக்கு அதிகாரம் கொடுத்திருக்கிறது. கடைக்காரர் தரப்பில் அதே சட்டத்தின் 86ஆம் பிரிவைக் காட்டுகிறார்கள்: விற்பனையாளர் சில சந்தர்ப்பங்களில்தான் பொறுப்பாவாராம். அது பொருளால் ஆள் காயப்பட்டாலோ வேறு சொத்து சேதமானாலோ நஷ்டஈடு கேட்கிற கணக்கு. பொருளுக்கே வந்த சேதம் அதில் சேராது என்று சட்டமே சொல்லிவிட்டது. என் கை கால் நன்றாகத்தான் இருக்கிறது. நான் கேட்பது கொடுத்த பணத்தை.

மிக்ஸியானால் நானே கொரியரில் போட்டிருப்பேன், இல்லையென்றால் தெருமுனையில் ரிப்பேர் பார்த்திருப்பேன். துப்பாக்கியைக் கொரியர்காரர் தொடமாட்டார்; பழுது பார்க்கவே தனி லைசென்ஸ் வேண்டும். எனக்கு இருக்கும் ஒரே வாசல் அந்தக் கடைதான். "லைசென்ஸ்ல நம்பர் ஏறிட்டுதே, இனி திரும்ப எடுக்க முடியாதே" என்கிறார். ஆனால் 12,000 ரூபாய்க்குப் பழைய துப்பாக்கியாக எடுத்துக்கொள்ள அவரே தயார்! அப்போது மட்டும் நம்பரைக் கழிக்க வழி பிறந்துவிடுமாம்.

தயாரித்தவரை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவைப் பார்க்கலாம். 1972இல் அங்கே பொருள் பாதுகாப்புக்கு ஆணையம் அமைத்தபோதே துப்பாக்கியை அதன் வரம்பிலிருந்து விலக்கிவிட்டார்கள். ரெமிங்டன் கம்பெனியின் 700 ரகத் துப்பாக்கி விசையைத் தொடாமலே வெடிக்கிறது என்று பல வருடம் புகார். கடைசியில் வழக்கில் ஏற்பட்ட சமரசத்தில் வந்தவை சுமார் 75 லட்சம் துப்பாக்கிகள். பலருக்கு விசையை இலவசமாக மாற்றித் தர ஒப்புக்கொண்டார்கள். மாற்ற முடியாத சில பழைய ரகங்களுக்குக் கிடைத்தது 10 அல்லது 12.50 டாலர் கூப்பன். கம்பெனி 2018இல் ஒரு தடவை, 2020இல் இன்னொரு தடவை திவால் மனு போட்டது.

எனவே கடைக்காரரை முதல் எதிர்தரப்பாகவும் தயாரித்தவரை இரண்டாவதாகவும் போட்டு மனு எழுதி வைத்திருக்கிறேன். அவர்கள் இருவரும் தங்களுக்குள் பிறகு கணக்குத் தீர்த்துக்கொள்ளட்டும்.

ஒரு சந்தேகம் பாக்கி. ஆணையம் பொருளை ஆய்வுக்கு அனுப்பினால் என் துப்பாக்கி எங்கே போகும்? தடய அறிவியல் துறையில் துப்பாக்கிப் பிரிவு இருக்கிறது, ஆனால் அங்கே போவதெல்லாம் கொலைக் கேஸ் சமாச்சாரம். வெடிக்காத துப்பாக்கியையும் வாங்கிப் பார்ப்பார்களா? உங்கள் பத்திரிகையின் சட்ட ஆலோசகரிடம் கேட்டுச் சீக்கிரம் எழுதினால் நல்லது. மனுப் போட இரண்டு வருடக் கெடு. பில் தேதியிலிருந்து எண்ணினால் இன்னும் ஐந்து மாதம்தான் இருக்கிறது.

இப்படிக்கு,
ஒரு தென்னை விவசாயி,
ஆனைமலை வட்டாரம்