மாருத்துக்கு ஒரு மோல்டு வெட்டுங்கள்: விமான மாடல் நிறுவனங்களுக்குத் திறந்த மடல்

ஏர்ஃபிக்ஸ், டாமியா, ஹசெகாவா, ரெவெல், எடுவார்ட், ஸ்பெஷல் ஹாபி ஆகிய நிறுவனங்களில், அடுத்து எந்த விமானத்துக்கு மோல்டு (பிளாஸ்டிக் துண்டுகளை வார்க்கும் அச்சு) வெட்டுவது என்று முடிவு செய்யும் பொறுப்பில் இருப்பவர்களுக்கு,

வணக்கம்.

இந்தியாவில் உருவான எச்.எஃப்.-24 மாருத் போர் விமானத்தை 1/72 அளவில், அதாவது நிஜத்தில் 72இல் ஒரு பங்காக, முழுமையான பிளாஸ்டிக் கிட்டாக (துண்டுகளை ஒட்டிக் கட்டும் பெட்டியாக) வெளியிடுங்கள். முடிந்தால் 1/48 அளவிலும் வெளியிடுங்கள். உங்களிடம் நான் கேட்க வந்தது இது ஒன்றுதான். ஏன் கேட்கிறேன் என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள்.

1971 டிசம்பர் போரில் பறந்த விமானங்களை ஒரே அலமாரியில் அடுக்கி வைக்க வேண்டும் என்பது இந்தியாவில் மாடல் கட்டும் பலரின் ஆசை. பெரும்பகுதியை இன்று கடையில் வாங்கிவிடலாம். ஹண்டர் இருக்கிறது, கான்பெரா இருக்கிறது, மிக்-21 எல்லா அளவிலும் இருக்கிறது, சுகோய்-7 இருக்கிறது, மிஸ்டேர் இருக்கிறது. எதிர்ப்பக்கம் நின்ற சேபர், ஸ்டார்ஃபைட்டர், மிராஜ், மிக்-19 எல்லாவற்றுக்கும் கிட் உண்டு. சிலவற்றுக்கு ஐந்தாறு நிறுவனங்களின் கிட்டுகளை ஒப்பிட்டுப் பார்த்து வாங்கும் வசதியும் உண்டு. அந்தப் போரில் சண்டையிட்ட விமானங்களில் இந்தியாவிலேயே வடிவமைத்துக் கட்டிய போர் விமானம் மாருத். அதற்குரிய இடம் மட்டும் அலமாரியில் காலியாக இருக்கிறது. சிறு பட்டறைகள் ரெசினில் வார்த்த பெட்டிகள் எப்போதாவது கண்ணில் படும். அவற்றைக் கட்டி முடிக்கப் புட்டியும் பொறுமையும் நிறைய வேண்டும். முதல் முறையாகக் கட்ட உட்காரும் பதினைந்து வயதுப் பிள்ளையின் கையில் கொடுக்க முடியாது.

இந்த விமானத்தை வரைந்தவர் ஜெர்மன் விமான வடிவமைப்பாளர் குர்ட் டாங்க். இந்தப் பெயரை உங்களுக்கு நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. இரண்டாம் உலகப் போரில் பறந்த, அவர் வடிவமைத்த ஃபோக்கே-வுல்ஃப் 190 இல்லாத விமானப் பட்டியலை உங்கள் துறையில் தேடித்தான் பிடிக்க வேண்டும். டிஏ 152-க்குக் கிட் உண்டு. காகிதத்தை விட்டு எழும்பாத டிஏ 183-க்கும் கிட் உண்டு. ஆனால் அதே மனிதர் 1956இல் பெங்களூருக்கு வந்து, இந்துஸ்தான் விமானத் தொழிற்சாலையின் (எச்.ஏ.எல்.) இந்தியப் பொறியாளர்களோடு உட்கார்ந்து வடிவமைத்த விமானம் நிஜமாகவே பறந்தது, படையில் சேர்ந்தது, போருக்கும் போனது. அதற்கு உங்களிடமிருந்து பிளாஸ்டிக் கிட் இல்லை. பறக்காத வடிவத்துக்குக் கிடைத்த மரியாதை பறந்த விமானத்துக்கும் கிடைக்க வேண்டும் என்று கேட்பது நியாயம்தானே?

மாருத்தின் கதையே கிட் பெட்டியின் பக்கவாட்டில் அச்சிடத் தகுந்தது. உலோக விமானத்துக்கு முன்னால், அதே முழு அளவில், மரத்தில் எஞ்சின் இல்லாத கிளைடர் ஒன்றைச் செய்தார்கள். 1959இல் டகோட்டா விமானம் அதை மேலே இழுத்துச் சென்று விடுவித்தது. இறக்கையின் குணம், கட்டுப்பாட்டின் குணம் எல்லாவற்றையும் அந்த மரவிமானத்தில்தான் சோதித்தார்கள். 1961 ஜூன் 17 அன்று முதல் மாருத் பெங்களூரில் எழும்பியது. ஓட்டியவர் சுரஞ்சன் தாஸ். ஒலியின் வேகத்தைப் போல இரண்டு மடங்கை நினைத்து வரைந்த உடல் அது. நினைத்திருந்த வலுவான ஆர்ஃபியஸ் எஞ்சினின் மேம்பாட்டுக்குப் பணம் கிடைக்காமல் அந்த வேலை நின்றுபோக, ஆஃப்டர்பர்னர் (கூடுதல் எரிபொருளை எரித்து உந்துவிசையைக் கூட்டும் பகுதி) இல்லாத ஆர்ஃபியஸ் 703 எஞ்சின்கள் இரண்டோடு காலத்தைத் தள்ள வேண்டியதாயிற்று. அதே சுரஞ்சன் தாஸ், ஆஃப்டர்பர்னர் பொருத்திய சோதனை மாருத் ஒன்றில் 1970 ஜனவரி 10 அன்று விபத்தில் உயிரிழந்தார். இன்றும் பெங்களூரில் எச்.ஏ.எல். பகுதியில் உள்ள சாலை ஒன்று அவர் பெயரைத்தான் தாங்கியிருக்கிறது.

வேகம் குறைந்த விமானம் என்று மாருத்தை ஒரே வரியில் ஒதுக்கிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. 1971இல் ராஜஸ்தான் முனையில் உத்தர்லாய், ஜோத்பூர் தளங்களிலிருந்து 10ஆம், 220ஆம் ஸ்குவாட்ரன்கள் (விமானப்படைப் பிரிவுகள்) மாருத்தைத் தரைத் தாக்குதலுக்குப் பயன்படுத்தின. வான்சண்டையில் ஒரு மாருத்தைக்கூட இந்தியா இழக்கவில்லை. இழந்த நான்கில் மூன்று தரையிலிருந்து சுட்டதில் வீழ்ந்தவை, ஒன்று ஓடுதளப் பக்கம் நின்றபோதே தாக்கப்பட்டது. ஒரு எஞ்சின் செயலிழந்த நிலையிலும் மறு எஞ்சினை நம்பித் தளம் திரும்பிய மாருத்துகள் உண்டு. டிசம்பர் 7 அன்று 220ஆம் ஸ்குவாட்ரனின் கே.கே. பக்‌ஷி மாருத்திலிருந்து ஒரு சேபரைச் சுட்டு வீழ்த்தினார். தாழப் பறந்து தாக்குவதற்கு இது நிதானமான, உறுதியான மேடை என்று ஓட்டியவர்கள் சொன்னதைத்தான் நான் எடைபோட்டுப் பார்க்கிறேன்.

எண்ணிக்கையைக் காரணம் காட்டுவீர்கள் என்று தெரியும். ஒரே நாடு பயன்படுத்திய விமானம், பயிற்சி விமானங்களையும் சேர்த்துக் கட்டப்பட்டவை 147தான், யார் வாங்குவார்கள் என்பீர்கள். பிரிட்டனின் டிஎஸ்ஆர்-2 வகையில் பறந்தது ஒன்றே ஒன்று. அதுவும் 24 முறைதான் பறந்தது. ஏர்ஃபிக்ஸ் அதை 1/72 அளவிலும் 1/48 அளவிலும் வெளியிட்டது. கனடாவின் ஆரோ விமானங்கள் ஐந்து மட்டுமே பறந்தன. அதற்கும் இரண்டு அளவிலும் கிட் வந்தது. அந்தப் பெட்டிகளை வாங்கியவர்கள் எத்தனை விமானம் கட்டினார்கள் என்று கணக்குப் பார்த்து வாங்கவில்லை. தங்கள் நாட்டுப் பொறியாளர்கள் செய்து காட்டிய ஒன்றைத் தங்கள் கையால் கட்டிப் பார்க்க விரும்பினார்கள். அந்த விருப்பம் இங்கேயும் அதே அளவு இருக்கிறது.

வடிவமே வாங்க வைக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். நடு இடுப்பு ஒடுங்கிப் பின்னால் விரியும் உடல், பின்னோக்கிச் சாய்ந்த இறக்கை, காற்று நுழையும் வாயில்களில் அரைக்கூம்புகள், வாலடியில் பக்கம் பக்கமாக இரண்டு புகைப்போக்கிகள். 15.87 மீட்டர் நீளமும் 9 மீட்டர் இறக்கை அகலமும் கொண்ட விமானம். 1/72 அளவில் 22 சென்டிமீட்டர் நீளம். உள்ளங்கையில் அழகாக உட்காரும். 1/48 அளவில் 33 சென்டிமீட்டர். கண்காட்சி மேசையில் யாரும் கடந்து போக முடியாது.

ஒரே மோல்டிலிருந்து எத்தனை பெட்டிகள் வரும் என்று பாருங்கள். எஃகு மோல்டு வெட்ட என்ன செலவாகும் என்பதைக் கோயம்புத்தூர்க்காரனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை, ஊரெல்லாம் டூல்ரூம்கள். அதனால்தான் இதை அழுத்திச் சொல்கிறேன். ஒற்றை இருக்கை மாருத்தின் உடலுக்குள், விமானி அறைக்குப் பின்னால், 68 மில்லிமீட்டர் ராக்கெட்டுகள் 50 அடங்கிய பெட்டி இருந்தது. பயிற்சி மாருத்தில் அந்தப் பெட்டியை எடுத்துவிட்டுத்தான் இரண்டாவது இருக்கையை வைத்தார்கள். ஆகவே இறக்கை, வால், சக்கரங்கள் எல்லாம் பொதுவான ஸ்ப்ரூவிலேயே (துண்டுகள் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் சட்டத்திலேயே) இருக்கலாம். முன்னுடலையும் மேல்மூடியையும் மட்டும் தனி ஸ்ப்ரூவாகப் பிரித்தால் இரண்டாவது பெட்டி தயார். வால்முனையைத் தனித்துண்டாக வைத்தால் ஆஃப்டர்பர்னர் சோதனை விமானம் மூன்றாவது பெட்டி. 1967இல் எகிப்தில் இ-300 எஞ்சினைச் சோதிக்க ஒரு மாருத்தைப் பறக்கவிட்டார்கள்; எகிப்திய விமானங்களைச் சேர்ப்பவர்கள் அதற்காகவே ஒரு பெட்டி வாங்குவார்கள்.

கட்டுபவன் என்ற முறையில் சில நுணுக்கங்களையும் கேட்டுக்கொள்கிறேன். மூக்கின் இருபுறமும் உள்ள 30 மில்லிமீட்டர் ஏடன் துப்பாக்கிகள் நான்கின் வாய்களையும் ஸ்லைடு மோல்டில் (பக்கவாட்டில் நகரும் பகுதி கொண்ட மோல்டில்) துளையோடு தாருங்கள். பிறகு ஊசியால் குடைந்து சரிசெய்யும் நிலை வேண்டாம். காற்று வாயிலின் உட்பக்கம் எஞ்சின் முகம் வரை தெரியட்டும். ராக்கெட் பெட்டியைத் திறந்தும் மூடியும் வைக்க இரண்டு துண்டுகள் வேண்டும். பேனல் கோடுகள் (உடல் தகடுகள் சேரும் கோடுகள்) மெல்லியதாக இருக்கட்டும். ஆழமாக உழுதது போன்ற கோடு இந்த வழுவழுப்பான உடலைக் கெடுத்துவிடும்.

டெக்கால் (மாடலின் மேல் ஒட்டும் அச்சிட்ட சின்னங்கள்) பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். இந்திய விமானப்படையின் சின்னமான மூவண்ண வட்டத்தின் வெளிவளையம் காவி. பல பெட்டிகளில் அது செங்கல் சிவப்பாகவோ ஆரஞ்சுப் பழ நிறமாகவோ வந்து விழுகிறது. நான் வாங்கிய ஒரு பெட்டியில் நடுவிலுள்ள பச்சை கறுப்பென்றே சொல்லும்படி இருந்தது. வேறு டெக்கால் தேடி வாங்கித்தான் அந்த விமானத்தை முடித்தேன். மாருத்தில் இந்தத் தவறு நேர்ந்தால் வேலை முழுவதும் வீணாகும். தொடக்க கால வெள்ளி நிற விமானம் ஒன்று, 1971இன் உருமறைப்பு வண்ணத்தில் 10ஆம், 220ஆம் ஸ்குவாட்ரன்களின் விமானங்கள், பிற்காலத்தில் மாருத்துக்கு மாறிய 31ஆம் ஸ்குவாட்ரனின் விமானம் ஒன்று. இந்த நான்கு இருந்தால் போதும்.

அளவெடுக்க விமானம் எங்கே என்று தேட வேண்டியதில்லை. பெங்களூரில் எச்.ஏ.எல். அருங்காட்சியகத்தில் மாருத் நிற்கிறது, விஸ்வேஸ்வரய்யா அருங்காட்சியகத்திலும் நிற்கிறது. ஐரோப்பிய நிறுவனங்களுக்கு அதைவிடப் பக்கத்திலேயே உண்டு: மியூனிக் அருகே ஷ்லைஸ்ஹைமில் ஜெர்மன் அருங்காட்சியகத்தின் விமானப் பிரிவில் ஒரு மாருத் இருக்கிறது. எடுவார்டும் ஸ்பெஷல் ஹாபியும் இருக்கும் செக் நாட்டிலிருந்து லேசர் ஸ்கேனரை வண்டியில் வைத்துக் கிளம்பினால் அன்றைக்கே போய்ச் சேர்ந்துவிடலாம்.

இந்தியாவில் சந்தை இல்லை என்ற கருத்து எப்படி உருவானது என்பதையும் நீங்கள் புரிந்துகொள்ள வேண்டும். பொம்மைகளும் அளவு மாதிரிகளும் இந்தியச் சுங்கப் பட்டியலில் ஒரே தலைப்பின் கீழ் வருகின்றன. அந்தத் தலைப்புக்கான அடிப்படை வரி 2020இல் 20 சதவீதத்திலிருந்து 60 ஆனது. 2023இல் 70 ஆனது. இதனால் உள்ளூர்க் கடைக்காரர்கள் பெரிய அளவில் வரவழைக்கத் தயங்குகிறார்கள். எங்களில் பலர் ஜப்பான் கடைகளிலிருந்தும் ஹாங்காங் கடைகளிலிருந்தும் தருவித்துக்கொள்கிறோம், அல்லது வெளிநாட்டிலிருந்து வரும் உறவினர் பெட்டியில் ஒரு கிட்டுக்கு இடம் கேட்கிறோம். துபாயிலும் சிங்கப்பூரிலும் இருக்கும் அண்ணன் தம்பிகளைக் கேட்டுப் பாருங்கள். நாங்கள் கொடுத்த பணம் உங்கள் கணக்கில் வேறு நாட்டு விற்பனையாகப் பதிவாகிறது. இந்தியாவுக்கு நேரே அனுப்பிய பெட்டிகளை மட்டும் எண்ணினால் நாங்கள் இல்லாதது போலத்தான் தெரியும்.

ஸ்பெஷல் ஹாபி நிறுவனத்தாருக்குத் தனியாக ஒரு வார்த்தை. நாட் என்ற சிறிய பிரிட்டிஷ் போர் விமானத்தின் இந்திய வடிவமான அஜீத்தை 1/72 அளவில் நீங்கள் கொண்டுவந்தீர்கள். அதுவரை கடையில் எளிதாகக் கிடைத்த நாட் பெரும்பாலும் பிரிட்டனின் இரட்டை இருக்கைப் பயிற்சி விமானம். அதன் இறக்கையே வேறு, பெரியது. அதை வெட்டி ஒட்டி இந்தியச் சண்டை விமானமாக மாற்றுவது பெரும்பாடு. அந்தப் பாட்டை நீங்கள் தீர்த்து வைத்ததற்கு மனதார நன்றி. குறைந்த எண்ணிக்கைக்கு ஏற்ற மோல்டு முறை உங்களிடம் இருக்கிறது. பெரிய நிறுவனங்கள் யோசித்துக்கொண்டிருக்கும்போதே நீங்கள் மாருத்தைத் தொடங்கிவிட முடியும் என்று நம்புகிறேன்.

கிரண், எச்.டி.-2, துருவ் என்று இன்னும் பல இந்திய வடிவங்களைக் கேட்க இருக்கிறது. அவற்றைப் பற்றி இப்போது பேசவில்லை. மாருத் முதலில் வரட்டும்.

எங்களால் ஆன உதவிகளையும் செய்வோம். பெங்களூர் விமானங்களின் நெருக்கமான படங்கள், சக்கர அறை, விமானி அறை, வரிசை எண்கள், எந்த ஆண்டில் எந்த வண்ணம் என்ற விவரம் என்று இங்கே பலர் ஆண்டுக்கணக்காகச் சேர்த்து வைத்திருக்கிறார்கள். கேட்டால் கட்டணம் இல்லாமல் தருவார்கள். டெக்கால் அச்சுக்குப் போகும் முன் வண்ண மாதிரியை எங்களுக்குக் காட்டுங்கள். காவியும் பச்சையும் சரியா என்று அன்றே சொல்லிவிடுவோம். வடிவப் படங்கள் வெளிவந்ததும் முன்பதிவைத் திறந்து வையுங்கள். இந்தியாவிலிருந்து எத்தனை பேர் கேட்கிறார்கள் என்பது அப்போது உங்கள் கணக்கிலேயே தெரியும். அந்த எண்ணிக்கையைப் பார்த்த பிறகு எஃகுக்குச் செலவு செய்யலாமா என்று முடிவெடுங்கள்.

ஜப்பானின் மே மாத ஷிசுவோகா மாடல் கண்காட்சியிலோ, பிரிட்டனின் நவம்பர் மாத டெல்ஃபோர்டு கண்காட்சியிலோ உங்கள் அறிவிப்பை எதிர்பார்க்கிறேன்.

அன்புடன்,
ஒரு விமான மாடல் கட்டுநர்,
கோயம்புத்தூர்