வில்ட்டை எடுத்த தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

ஞாயிற்றுக்கிழமை நாம் ஆடப்போகும் கூடைப்பந்துக் கணக்கு விளையாட்டுக்கு நேற்று ராத்திரி நீ அனுப்பிய ஐந்து பெயர்களையும் பார்த்தேன். ஆஸ்கர் ராபர்ட்சன் 1961-62, மைக்கேல் ஜோர்டன் 1986-87, எல்ஜின் பேலர் 1961-62, ஷகில் ஓ'நீல் 1999-2000, வில்ட் சேம்பர்லைன் 1961-62. கீழே ஒரு வரி: "மொத்தம் 186.3 பாயின்ட். இதை எவன் அடிப்பான்?" ஐந்து பேரின் ஒரு ஆட்டச் சராசரியை நானும் கூட்டிப் பார்த்தேன், கணக்கு சரிதான். கூடைக்கடியில் நிற்கும் சென்டரான ஷகிலை (நம் ஷாக்) கொண்டுபோய் பக்கத்து பவர் ஃபார்வர்டு இடத்தில் போட்டிருக்கிறாயே, அதைப் பற்றிக்கூட நான் வாயைத் திறக்கப் போவதில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை இதே அணியோடு வந்தாயானால் அக்காவிடம் தோற்பாய். போன வருஷம் நான் தோற்ற மாதிரியே.

விதியை இன்னொரு தரம் படி. பழைய வீரர்களின் ஏதாவது ஒரு சீசனை எடுக்கலாம், ஆளுக்கு ஐந்து பேர். ஒரே வீரரின் வேறு வேறு சீசனை வேறு வேறு ஆள் எடுத்துக்கொள்ளலாம். அப்புறம் ஒன்பது கணக்குகள்: பாயின்ட், ரீபவுண்ட் (தவறிய ஷாட்டைப் பிடிப்பது), அசிஸ்ட் (கூடையில் விழ வழிசெய்யும் பாஸ்), ஸ்டீல் (எதிராளியின் பந்தைப் பறிப்பது), பிளாக் (ஷாட்டைத் தடுப்பது), மூன்று பாயின்ட் ஷாட் (தூரக் கோட்டுக்கு வெளியிலிருந்து போடுவது), ஷாட் சதவீதம், ஃப்ரீ த்ரோ (ஃபவுலுக்குக் கிடைக்கும் தடையில்லாத ஷாட்) சதவீதம், டர்ன்ஓவர் (பந்தை எதிரணியிடம் இழப்பது, இது மட்டும் குறைவாக இருப்பவருக்கு). ஒன்பதில் ஐந்து யாருக்கோ அவர் ஜெயித்தார். பாயின்டில் 50 வித்தியாசத்தில் முந்தினாலும் அது ஒரு கணக்குதான், அரை பாயின்டில் முந்தினாலும் ஒரு கணக்குதான். நீ ஒரே பானையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருக்கிறாய்.

வில்ட்டில் இருந்து ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் போன வருஷம் என்னைக் கவிழ்த்தவரும் அவர்தான். அந்த சீசனை யாரும் குறை சொல்ல முடியாது. ஒரு ஆட்டத்துக்கு 50.4 பாயின்ட், 25.7 ரீபவுண்ட். ஆட்டமே 48 நிமிஷம், அவர் சராசரியாக ஆடியது 48.5 நிமிஷம். கூடுதல் நேரத்துக்குப் போன ஆட்டங்களையும் சேர்த்தால் அப்படி வருகிறது. 1962 மார்ச் 2 அன்று ஹெர்ஷி ஊரில் 100 பாயின்ட் அடித்ததும் அந்த சீசனில்தான். பார்த்தவுடன் கை தானாகவே அந்தப் பெயரின் மேல் போகும்.

ஆனால் என்பிஏவில் (இவர்கள் எல்லோரும் ஆடிய அமெரிக்க லீக்) ஸ்டீலையும் பிளாக்கையும் எண்ண ஆரம்பித்ததே 1973-74இல் இருந்துதான். மூன்று பாயின்ட் கோடு வந்தது 1979-80இல். வில்ட் தடுத்த பந்துகளுக்கு அளவே இருந்திருக்காது, ஆனால் நம் அட்டையில் அவருக்கு பிளாக் சைபர். ஆஸ்கருக்கும் பேலருக்கும் அதே கதி. உன் ஐந்து பேரில் மூன்று பேர் மூன்று கணக்குகளில் காலி இடம். மிச்சம் இரண்டு பேரைப் பார்: 1986-87 முழுக்க ஜோர்டன் போட்ட மூன்று பாயின்ட் ஷாட் 12. ஷாக்குக்கு அந்த சீசனில் ஒன்றுகூடக் கிடையாது.

இது வில்ட்டுக்கு அநியாயம்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அதற்குச் சமமான அநியாயம் எதிர்ப்பக்கமும் உண்டு. 1961-62இல் ஒரு அணி சராசரியாக 118.8 பாயின்ட் எடுத்தது. ஓடிக்கொண்டே இருந்த காலம். ஷாட்கள் அதிகம், தவறியவையும் அதிகம், ஆகவே ரீபவுண்டும் கொட்டிக் கிடந்தது. அந்த எண்களையெல்லாம் அப்படியே 2000க்குப் பக்கத்தில் வைத்துக் கூட்டுவது சரியில்லை. நம் விளையாட்டில் இதற்குக் கழிவு கிடையாது என்பதால் நீ லாபம் பார்க்கிறாய். பேலரைப் பற்றி ஒரு வார்த்தை: அந்த சீசனில் அவர் ராணுவப் பணியில் இருந்தார், விடுப்பு கிடைத்தபோது மட்டும் வந்து 48 ஆட்டங்கள் ஆடினார். அப்படியும் 38.3 பாயின்ட், 18.6 ரீபவுண்ட். எனக்கு வில்ட்டைவிட இதுதான் ஆச்சரியம். சரி, விஷயத்துக்கு வருவோம்.

ஃப்ரீ த்ரோவில்தான் பெரிய ஓட்டை. சதவீதத்தைத் தனித்தனியாகப் பார்த்து "வில்ட் 61, ஷாக் 52, மற்ற மூன்று பேரும் நல்லா போடுவாங்க, சமாளிக்கலாம்" என்று நினைத்திருப்பாய். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் எத்தனை தரம் ஃப்ரீ த்ரோ கோட்டில் போய் நின்றார்கள் என்று பார்க்க வேண்டும். வில்ட் ஒரு ஆட்டத்துக்கு 17 தரம், ஷாக் 10 தரத்துக்கு மேல். இரண்டு பேரையும் சேர்த்தால் 27 முயற்சி, 16 கூட விழவில்லை. 58 சதவீதம். இதைச் சரிசெய்ய உலகத்திலேயே சிறந்த ஆளைக் கூட்டி வருவோம். ஹொசே கால்டெரோன் 2008-09இல் 154க்கு 151 போட்டார், 98.1 சதவீதம், என்பிஏ சாதனை. அவரைச் சேர்த்தாலும் 58 என்பது 61 ஆகிறது, அவ்வளவுதான். மனுஷன் ஒரு ஆட்டத்துக்கு இரண்டு தரம்தானே கோட்டுக்குப் போனார்! அண்டா நிறைய உப்புச் சாம்பாரில் ஒரு டம்ளர் தண்ணீர்.

இத்தனைக்கும் 1961-62 வில்ட்டின் நல்ல வருஷம். அப்போது இரண்டு கையாலும் கீழிருந்து தூக்கிப் போடுவார், குழந்தைகள் போடுவது மாதிரி. ஹெர்ஷியில் 32க்கு 28 விழுந்தது. அப்புறம் அந்தப் பழக்கத்தை விட்டுவிட்டார். 1967-68இல் 38 சதவீதம். பார்க்க எப்படி இருந்தால் என்ன, விழுந்ததா இல்லையா என்பதுதானே முக்கியம்?

இனி ஜோர்டன். உன் அணியில் தப்பிப்பவர் அவர் ஒருவர்தான், அதிலும் வருஷம் தப்பு. 37.1 என்ற எண்ணைப் பார்த்து 1986-87ஐ எடுத்தாய். அடுத்த வருஷத்தைத் திருப்பிப் பார். பாயின்ட் 35.0. இரண்டு குறைகிறது. ஆனால் ஷாட் சதவீதம் 48.2இல் இருந்து 53.5, ஸ்டீல் 2.9இல் இருந்து 3.2, அசிஸ்டும் ஒன்றுக்கு மேல் ஏறுகிறது. எம்விபி (சீசனின் மிகச் சிறந்த வீரர்) விருதும் சிறந்த தடுப்பு வீரர் விருதும் ஒரே சீசனில். 1988-89ஐயும் யோசித்தேன்: 32.5 பாயின்ட், 8 ரீபவுண்ட், 8 அசிஸ்ட். அந்த சீசனின் கடைசியில் அவரைப் பாயின்ட் கார்டாக (பந்தைக் கொண்டுபோய் ஆட்டத்தை நடத்துபவர்) ஆட விட்டார்கள், 11 ஆட்டங்களில் 10 டிரிப்பிள் டபுள் (ஒரே ஆட்டத்தில் மூன்று கணக்குகளில் பத்து அல்லது அதற்கு மேல்). ஆனால் பிளாக் பாதியாகிவிடுகிறது. கூடையிலிருந்து தள்ளி ஆடும் ஒரு கார்டு 1.6 பிளாக் தருவது வேறெங்கும் கிடைக்காத சரக்கு, அதனால் நான் 1987-88.

சென்டருக்கு என் மனசு ஹக்கீம் ஒலாஜுவான் பக்கம், கணக்கு டேவிட் ராபின்சன் பக்கம். 1991-92 ராபின்சன்: 23.2 பாயின்ட், 12.2 ரீபவுண்ட், 4.5 பிளாக், 2.3 ஸ்டீல். ஏழடி ஆளுக்கு 2.3 ஸ்டீல்! பாயின்ட், ரீபவுண்ட், பிளாக், ஸ்டீல், ஷாட் சதவீதம் ஐந்திலும் ஒரே சீசனில் முதல் பத்துக்குள் வந்த முதல் ஆள் அவர்தான். 'பிளாக்தான் வேண்டும் என்றால் மார்க் ஈட்டன் இருக்கிறாரே, 1984-85இல் 5.6' என்று நீ கேட்பாய். ராபின்சனைவிட 1.1 பிளாக் அதிகம்தான். அதற்கு விலையாக 13 பாயின்டும் ஸ்டீலும் போகும். ஐந்தே இடம் இருக்கும்போது ஒரே வேலை தெரிந்த ஆளுக்கு இடம் கொடுக்க முடியாது.

பாயின்ட் கார்டு ஸ்டீஃபன் கரி 2015-16, இதில் யோசிக்கவே வேண்டாம். 402 மூன்று பாயின்ட் ஷாட், ஃப்ரீ த்ரோ 90.8 சதவீதம். பவர் ஃபார்வர்டு கெவின் கார்னெட் 2003-04: 24.2 பாயின்ட், 13.9 ரீபவுண்ட், 5 அசிஸ்ட், 2.2 பிளாக். எந்தக் கணக்கிலும் சைபர் வாங்காத பெரிய ஆள்.

ஐந்தாவது இடமான ஸ்மால் ஃபார்வர்டுக்குத்தான் நேற்று ராத்திரி ஒரு மணி வரை உட்கார்ந்திருந்தேன். போன வருஷம் அக்கா எடுத்தது ஷான் மேரியன் 2005-06. நான் சிரித்தேன். 21.8 பாயின்ட், 11.8 ரீபவுண்ட், 2.0 ஸ்டீல், 1.7 பிளாக், டர்ன்ஓவர் மிகக் குறைவு. சத்தமே இல்லாமல் எல்லாக் கணக்கிலும் ஒரு கை போடும் ஆள். ஆண்ட்ரே கிரிலென்கோவும் அவள் அணியில்தான். அந்தச் சிரிப்புக்கு நான் கொடுத்த விலை 6-3.

அதனால் முதலில் மேரியனையே போட்டு உன் அணியோடு மோத விட்டேன். ஸ்டீல், பிளாக், மூன்று பாயின்ட் ஷாட், இரண்டு சதவீதங்கள், ஐந்தும் எனக்கு. ஃப்ரீ த்ரோவில் நீ 70க்குப் பக்கம், நான் 80க்கு மேல். பாயின்ட், ரீபவுண்ட், அசிஸ்ட் உனக்கு. டர்ன்ஓவரும் உனக்குத்தான்! அதையும் உன் மூன்று பேர் காலத்தில் யாரும் எண்ணவில்லை, 1977-78இல்தான் ஆரம்பித்தார்கள். பிளாக்கில் உன்னைக் கெடுத்த அதே சைபர் இங்கே உனக்குக் கைகொடுக்கிறது. ஆக 5-4. ஜெயிப்புதான், ஆனால் நூலிழை.

அசிஸ்டைப் பார்த்தேன். உனக்கு 26.8, எனக்கு 22.1. மேரியன் தருவது 1.8 மட்டும். அந்த இடத்தில் லாரி பேர்ட் 1986-87ஐ வைத்தேன்: 28.1 பாயின்ட், 9.2 ரீபவுண்ட், 7.6 அசிஸ்ட், ஷாட் 52.5, மூன்று பாயின்ட் 40, ஃப்ரீ த்ரோ 91 சதவீதம். அசிஸ்ட் 27.9 ஆகிவிட்டது. பிளாக்கும் ஸ்டீலும் கொஞ்சம் இறங்கின, ஆனால் அங்கே உன்னைவிட நான் அவ்வளவு தூரம் மேலே இருப்பதால் வலிக்கவில்லை. 6-3. பாயின்டில் உன்னிடம் 45க்கு மேல் பின்தங்கியிருக்கிறேன், கவலையே இல்லை. இன்னொன்று: அந்த சீசனில் என்பிஏவிலேயே அதிகமாக மூன்று பாயின்ட் ஷாட் போட்டவர் பேர்ட். எத்தனை தெரியுமா? 90. கரியின் 402க்குப் பக்கத்தில் வைத்துப் பார்.

மேரியனை அக்கா மறுபடியும் எடுப்பாள், எடுக்கட்டும். அவளோடு மோதும்போது என்ன ஆகும் என்று நான் இன்னும் கூட்டிப் பார்க்கவில்லை. பார்க்கப் பயமாகவும் இருக்கிறது.

இத்தனையும் உனக்குச் சொல்லியிருக்கக் கூடாதுதான். ஞாயிறு காலை பத்து மணிக்குச் சீட்டுக் குலுக்குகிறோம். முதல் சீட்டு உனக்கு விழுந்தால் 1987-88 ஜோர்டனை எடுத்துக்கொள், நான் 1988-89க்குப் போய்க்கொள்கிறேன், அதற்கும் கணக்குப் போட்டு வைத்திருக்கிறேன். கரியை மட்டும் தொடாதே.

அன்புடன்,
அண்ணன்