செயலியில் நட்சத்திரம், கணக்கில்?

ஆசிரியருக்கு வணக்கம்.

கல்விச் செயலி விளம்பரம் எதைப் பார்த்தாலும் எத்தனை லட்சம் பேர் பதிவிறக்கினார்கள் என்றுதான் போடுகிறார்கள், பிள்ளைக்குப் பின்னக் கணக்கு வந்ததா என்று ஒருவரும் சொல்வதில்லை. என் மகளுக்கு வாங்கியதில் நட்சத்திரம் குவிந்தது, வாய்ப்பாடு மட்டும் வரவில்லை.

பெரு நாட்டில் கிராமத்துத் தொடக்கப் பள்ளிகளுக்கு மடிக்கணினி கொடுத்தார்கள். 319 பள்ளிகளில், கொடுத்ததையும் கொடுக்காததையும் ஒப்பிட்டால், 15 மாதம் கழித்தும் கணக்கிலோ மொழியிலோ வித்தியாசமே இல்லை. சரி, அதற்காகக் கணினியே வீண் என்றும் சொல்லிவிட முடியாது. டெல்லியில் 619 மாணவர்களில் ஏறக்குறைய பாதிப் பேரைக் குலுக்கலில் எடுத்து, பள்ளி முடிந்தபின் மைண்ட்ஸ்பார்க் மென்பொருளில் படிக்க வைத்தபோது, நாலரை மாதத்தில் கணக்கிலும் இந்தியிலும் மற்றவர்களைவிட நன்றாகவே முன்னேறியிருந்தார்கள். எந்த வகுப்பு என்று பார்க்காமல், பிள்ளைக்கு எதுவரை தெரியுமோ அங்கிருந்து தொடங்கும் மென்பொருள் அது.

40 வாங்கியவன் இப்போது 60 வாங்குகிறான் என்பதெல்லாம் ஆதாரமா? செயலியே இல்லாத பையனும் ஒரு வருடத்தில் ஏதோ படித்திருப்பானே! அரசுப் பள்ளிக்கு எதை வாங்குவதானாலும், முதலில் குலுக்கல் போட்டுப் பாதிப் பள்ளிகளுக்குக் கொடுத்து, விற்பவர் தயாரிக்காத வினாத்தாளில் தேர்வு வைத்துப் பார்த்துவிட்டு அப்புறம் பணம் கொடுக்கட்டும்.

இப்படிக்கு,
ஒரு தகப்பன்